அத்தான் மிச்சம் வைத்த பாதி

இலையின் நடுவே விரலால் ஒரு கோடு கிழித்திருந்தார் அத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பருக்கை இல்லை. அந்தப் பக்கம் சோறும் இறைச்சிக் குழம்பும் அச்சாறு ஊறுகாயும் பரிமாறியபடியே கிடந்தன. இலையை மடிக்காமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். கண்டியில் மலாய்ப் பட்டாளத்துக்காரர்கள் குடியிருந்த வரிசையில், பட்டாளத்திலிருந்து விலகிய ஒருவரின் மனைவி நடத்திய சாப்பாட்டுக் கடை அது. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலில் இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, மாட்டிறைச்சின்னு பயந்துட்டாரா? ஆடுன்னு சொல்லித்தானே போட்டேன்!" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயப்படுகிறவர் இந்தப் பாதியை மட்டும் எப்படித் தின்றார் என்று கேட்கவும் அந்த நேரத்தில் புத்தி வரவில்லை.

காப்பி கண்டியை ஆண்ட காலம் அது. இன்று மலையெல்லாம் தேயிலையாகிவிட்டதால் இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அறுப்புக் காலத்தில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அவ்வளவு காப்பி வண்டி. நான் ஒரு காப்பிக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் இடத்தில் எழுத்து வேலை பார்த்தேன். என் ஒரே அக்காவைப் புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு அங்கே காப்பிப் பழத்தின் தோல் உரிக்கும் ஆலையில் வேலை. பிள்ளை இல்லை என்ற குறையைத் தவிர அவர்களுக்குள் வேறு குறை இருந்ததாக நான் அறியேன். ஒரு பெருமழைக் காலத்தில் தோட்டத்தார் குடியிருந்த லயம் முழுக்கக் காய்ச்சல் வந்தது. பலர் எழுந்து நடமாடினார்கள். அக்கா எழவில்லை. பாதை உடைந்து கிடந்ததால் செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நானும் அம்மாவும் சேற்றில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது மண் மூடி அதில் புல்கூடத் தலைகாட்டியிருந்தது. அம்மா அந்த மண்ணில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

காரியம் முடிந்ததும் அத்தானைக் கண்டிக்கு அழைத்துக்கொண்டு வந்தோம். அம்பிட்டியப் பக்கம் எங்களுக்கு ஒரு சிறு வாடகை வீடு. கிடங்கில் சொல்லி மூட்டை தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஆள் நல்ல தேக்குக் கட்டை மாதிரி; முன்பெல்லாம் அவர் சாப்பிட உட்கார்ந்தால் பார்க்கவே ஆசையாக இருக்கும். இலையை வழித்துவிட்டுத்தான் எழுவார். "எங்க வீட்டுக்காரருக்கு இலை கழுவுற வேலையே இல்ல" என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். அப்படிப்பட்ட மனிதர் எங்கள் வீட்டில் ஒரு வாய் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். காரணம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. அக்காவுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தது அம்மாதான். அதே புளி, அதே தாளிப்பு. அம்மாவின் ரசத்தை வாயில் வைத்தால் அவருக்கு அக்கா வந்து நிற்கிறாள். பிறகு எப்படி இறங்கும்?

அம்மாதான் ஒருநாள் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டாள். "எம் மகள மண்ணுக்குக் குடுத்துட்டேன். இவனையும் குடுக்க என்னால முடியாது. எங் கைச்சோறு இறங்கலன்னா வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. எவன் வீட்டுச் சோறா இருந்தாலும் சரி. உள்ள போனாப் போதும்" என்றாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கினால்கூட யார், என்ன என்று விசாரிக்கிறவள் எங்கள் அம்மா. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் வெட்கம் கெட்டவன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கண்டியில் எந்தச் சந்தில் எவர் என்ன கொதிக்கவைக்கிறார் என்று என் மூக்குக்குத் தெரியும். அந்த நாளில் காப்பியைத் தேடி உலகமே கண்டிக்கு வந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் வயிறு இருந்ததல்லவா? மலாய்க்காரருக்கு ஒரு கடை, பறங்கியருக்கு ஒரு கடை, கொச்சியிலிருந்து வந்தவருக்கு ஒன்று, பம்பாய்க்காரருக்கு ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் சாப்பிடும் பெரிய ஹோட்டலை மட்டும் தெருவில் நின்று மோந்து பார்ப்பதோடு சரி. மற்றதெல்லாம் எங்களைப்போன்ற கூலிக்காரர் கைக்கு எட்டும் கடைகள்தான். அக்காவின் கைமணமே இல்லாத ஒரு சோற்றை அத்தானுக்குக் கண்டுபிடித்துக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் கிளம்பிவிடுவோம். அவர் மறுப்புச் சொல்ல மாட்டார். "வாங்க அத்தான்" என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வருவார். கோயிலுக்கு என்றாலும் அப்படித்தான் வந்திருப்பார், சுடுகாட்டுக்கு என்றாலும் அப்படித்தான்.

மலாய்க் கடையில் தோற்றதும், சரி, உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் பறங்கி அம்மாளின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரயில் நிலையத்துப் பக்கம் நாலு மேசை போட்டு, தனி ஆட்களாக இருந்த எழுத்தர்களுக்குச் சாப்பாடு போட்டு வந்தார் அவர். கதிரையில் உட்கார்ந்து பீங்கானில் சாப்பிட வேண்டும். கரண்டியை அத்தான் மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. மஞ்சள் சோறும், பாண் என்கிற ரொட்டியின் தூள் தடவிப் பொரித்த இறைச்சி உருண்டைகளும் வந்தன. அத்தான் கரண்டியின் காம்பால் சோற்றை இரண்டாகப் பிரித்தார். உருண்டைகளையும் சமமாகப் பங்கிட்டார். ஒரு பக்கத்தைச் சாப்பிட்டார், மறுபக்கத்தைத் தொடவில்லை. அந்த அம்மாள் பீங்கானை எடுக்க வந்தபோது முகம் சிவந்துபோனார். "என் கையில் என்ன பிழை?" என்று நேராகவே கேட்டுவிட்டார். "ஒரு பிழையும் இல்லைங்க, ரொம்ப ருசி" என்றார் அத்தான், உண்மையாகவே. அந்த அம்மாளுக்கு அது இன்னும் கோபமாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் நானும் எரிச்சலோடுதான் நடந்தேன். ருசியாக இருந்ததாம், ஆனால் பாதியை வைப்பாராம்! என்ன மனிதர் இவர் என்று இருந்தது.

மூன்றாவதாகப் போனது, குளத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிங்கள அம்மா அப்பம் சுட்டு விற்ற கொட்டிலுக்கு. சின்ன இடம். மரப்பலகையில் உட்கார்ந்தால் அடுப்புச் சூடு முழங்காலில் படும். அப்பமும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார். அத்தான் இரண்டு அப்பம் வாங்கி ஒன்றைத் தின்றார், மற்றதை இலையில் அப்படியே விட்டார். அவர் எழுந்ததும் அந்த அம்மா, பாவம், ஒன்றும் நினைக்காமல் அந்த அப்பத்தை எடுத்து வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போட்டார். அத்தான் திரும்பினார். அவர் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஏய்! அது அவளோடது!" என்று கத்திவிட்டார். நாய் ஓடிப்போயிற்று. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டது மட்டும் அவருக்குத் தெரிந்தது. இன்னொரு அப்பத்தைச் சுட்டு இலையில் வைத்து இரண்டு கையாலும் அத்தானிடம் நீட்டினார். அத்தான் அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவில் நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்சாதி உட்காருவாள். அவன் மிச்சம் வைப்பதில் ஒரு பாசம், அவள் அதில் சாப்பிடுவதில் ஒரு பாசம். அதனால்தான் இலையை மடிப்பதில்லை. அத்தான் அக்காவுக்குப் பங்கு வைக்கிறார்! போகிற இடமெல்லாம், பறங்கி வீட்டுப் பீங்கானில்கூட, அவளுக்கு என்று பாதியை வைத்துவிட்டு எழுகிறார். இவ்வளவுதானா, கொஞ்ச நாளில் மனம் ஆறிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் ஆறவில்லை. வீட்டிலும் அப்படித்தான், கிடங்கில் மத்தியானச் சோற்றிலும் அப்படித்தான். எது வந்தாலும் பாதி. மூட்டை தூக்குகிற உடம்புக்குப் பாதிச் சோறு எத்தனை நாள் தாங்கும்? விலா எலும்பு தெரியத் தொடங்கியது. ஒருநாள் நிறுவை மேடையில் என் கண் எதிரிலேயே மூட்டையோடு சரிந்து விழுந்தார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்ல. வயித்துல சோறு இல்ல. இப்படியே விட்டா எண்ணெய் தீந்த விளக்குதான்" என்றார். கிடங்கு மேற்பார்வையாளர் இனி இவரை வைத்துக்கொள்ள முடியாது என்றார். நான் அத்தானிடம் சண்டையே போட்டேன். "அக்கா செத்துட்டா அத்தான். அவ வந்து சாப்பிடப் போறதில்ல. நீங்களும் போயிட்டா அம்மா என்ன ஆவா?" என்று கேட்டேன். "தெரியும் மாப்ள. எனக்குத் தெரியாதா?" என்றார் அமைதியாக. அவ்வளவுதான். மறுவேளையும் கோடு கிழித்தார்.

கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை இருந்தது. வண்டிக்காரர்கள் தங்கிப்போகும் இடம். கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் என்பதற்கு அவர்களுடைய சொல் அது. சமையல் அவர் மனைவி. அந்த அம்மாளை யாரும் பார்த்ததில்லை. கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் காப்பிச் சாக்கைப் பிரித்துத் தைத்த ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னாலிருந்து நானாவின் கைக்குப் பாத்திரங்கள் வரும், அவ்வளவுதான். நாங்கள் போன அன்று விடாத மழை. மகாவலி ஆறு கரைமுட்டி ஓடியது. அக்கரை போக வேண்டிய வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றுவிட்டன. கடைக்குள் நெருக்கடி.

"எல முடிஞ்சிட்டு தம்பி" என்றார் நானா. "இந்த மழையில எவன் போய் வெட்டிக்கொண்டு வாற? சஹன்லதான் போடப்போறேன். ஒங்களுக்கு ஏலுமா?"

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, கறியை மேலே ஊற்றி, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். எங்கள் ஆட்கள் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான். எல்லாக் கடையிலும் தின்றவன், ஆனால் என் பங்கை என் இலையில் தின்றவன். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அத்தான் போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் எங்கே நிற்பது? எதிரில் இரண்டு முஸ்லிம் வண்டிக்காரர்கள். ஒருவர் வெள்ளைத் தாடிக்காரர். பருப்பும் கருவாட்டுக் குழம்புமாகச் சோறு ஆவி பறக்க வந்தது. அவர்கள் பிஸ்மில்லாச் சொல்லிக் கை வைத்தார்கள்.

அத்தான் விரலை நீட்டித் தன் பக்கத்துச் சோற்றில் கோடு கிழித்தார். தாடிக்காரரின் கை வந்து ஒரு பிடி எடுத்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த சோறு சரிந்து இந்தப் பக்கம் விழுந்தது. அத்தான் மறுபடி கோடு கிழித்தார். இந்தத் தடவை மற்ற வண்டிக்காரர், சாப்பிடாமல் இருக்கிறாரே என்ற அன்பில், ஒரு கருவாட்டுத் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். கோடு அதோடு போயிற்று. அத்தான் மூன்றாம் முறையும் கிழித்தார்.

"என்ன தம்பி கோடு போடுற?" என்றார் தாடிக்காரர். "சஹன்ல வேலி போட ஏலாது. கையப் போட்டுத் தின்னு."

"எம் பொண்டாட்டி பங்குங்க" என்றார் அத்தான்.

"எங்க அவ?"

அத்தான் சோற்றைப் பார்த்துக் குனிந்தார். பிறகு பேசத் தொடங்கினார், எங்கள் யாரிடமும் அல்ல, அந்தச் சோற்றிடம் பேசுவதுபோல. "மழையில ரோட்டு ஒடஞ்சி தோட்டத்துக்கு அரிசி வண்டி வரல. இருந்த அரிசிய அவ எனக்கே ஆக்கிப் போட்டா. உனக்கு இருக்கா புள்ளன்னு கேட்டேன். இருக்கு, நீங்க சாப்பிடுங்கன்னா. நானும் இலைய வழிச்சித் தின்னுட்டு எந்திரிச்சேன். ஒரு நா, ஒரே ஒரு நாகூட, பானைய எட்டிப் பாக்கல. காய்ச்சல் வந்தப்ப அவ ஒடம்புல ஒண்ணுமே இல்ல. அவ போனப்புறந்தான் பக்கத்து வீட்டுக்காரி சொன்னா, தெனமும் வடிச்ச கஞ்சித் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தாளாம். நான் தின்னது அவ பங்கு. அவளத் தின்னுட்டேன் நான்."

எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. என் அக்கா பட்டினி கிடந்தாள், இவர் இலையை வழித்துக்கொண்டிருந்தார்! எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் எங்கள் அம்மாவும் அப்படித்தானே "இருக்கு, நீ சாப்பிடு" என்று சொல்லி எனக்குப் போடுகிறாள்? அவள் பானையை நான் என்றைக்கு எட்டிப் பார்த்தேன்? என் ஆத்திரம் இருந்த இடம் தெரியாமல் போய், அழுகை வந்தது. அழுதேன், அத்தனை பேர் முன்னால்.

அத்தான் தலையை நிமிர்த்தித் திரைப் பக்கம் பார்த்தார். "உள்ள இருக்கிறவங்களுக்கு இருக்கா?" என்று கேட்டார்.

நானா திடுக்கிட்டுப் போனார். அந்நிய ஆண் ஒருவர் அவர் வீட்டுப் பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்பது வழக்கமில்லை. அவர் பதில் சொல்வதற்குள் திரைக்குப் பின்னாலிருந்தே குரல் வந்தது. "ஈக்கி மவன், நிறைய ஈக்கி. நீங்க தின்னுங்க."

அத்தான் சோற்றில் கை வைக்கவில்லை. "அவளும் இப்படித்தாங்க, இருக்குன்னுதான் சொன்னா" என்றார்.

உள்ளே மண் தரையில் ஏதோ உராயும் சத்தம். சாக்குத் திரையின் அடியில் இரண்டு கைகள் தெரிந்தன. வளையல் போட்ட, கரி படிந்த கைகள். அவை ஒரு பெரிய சோற்றுப் பானையைக் கடைக்குள் தள்ளி, வாயை அத்தான் பக்கம் சாய்த்துப் பிடித்தன. நானா ஒதுங்கி நின்றார். அத்தான் முழங்காலில் நகர்ந்து போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளைச் சோறு, பாதிப் பானைக்கு மேல் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். கையைப் போட்டார். கண்ணீர் தாடையில் வழிந்து சோற்றில் விழ விழச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் நானா மறுபடி போட்டார். அதையும் சாப்பிட்டார்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். காப்பிச் செடிகளை நோய் தின்று தீர்த்தது, கிடங்கு மூடியது, அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அவர் மறுபடி புசல்லாவைக்கே போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார், இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார், நரைத்துக் கூன் விழும்வரை வாழ்ந்தார். அந்தப் பெண் எனக்குத் தங்கை முறை. அக்கா எப்படிச் செத்தாள் என்பதை அத்தான் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை, அவர் இருந்தவரை நானும் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டையில்தான் இப்போது என் வீடு. நானாவின் கடை இருந்த இடத்தில் ஒரு துணிக்கடை வந்துவிட்டது. அந்த அம்மாளின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் அத்தான் காலமானார். கருமாதிக்குப் புசல்லாவை போயிருந்தேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அந்தத் தங்கச்சி எனக்கு இலை போட்டாள். சோறு பரிமாறுவதற்கு முன்னால் அடுப்படியிலிருந்து பானையைத் தூக்கி வந்து என் எதிரே வைத்து, வாயை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"பாத்துக்கங்கண்ணே, இருக்கு" என்றாள். "பானையக் காட்டாம இந்த வீட்டுல யாருக்கும் சோறு போட விட மாட்டாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாரு. எனக்கும் கை பழகிருச்சு."

நான் எட்டிப் பார்த்தேன். அவளுக்கும் இருந்தது. நீயும் ஒரு இலையை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்காரம்மா, ஏன் என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறேன் என்றேன்.